ஆஞ்சநேயரைக் கும்பிடாமல் போன நாள்

மச்சான்,

இன்று காலை மருதனார்மடம் சந்தையில் ஒரு பூசணிக்காய் வாங்கினேன். காரின் பின்கதவு வழக்கம்போல இறுகிப்போய்த் திறக்க மறுத்தது. அதோடு மல்லுக்கட்ட அலுப்பாக இருந்ததால், காயைக் கொண்டுபோய் முன்னால், நீ இருக்கும் இடத்தில் வைத்தேன். கிளப்பி நாலு அடி போகவில்லை, கார் 'கீக் கீக்' என்று கத்தத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் இருக்கும் ஆள் பெல்ற் போடவில்லையாம். வேறு வழியில்லாமல் பெல்ற்றை இழுத்துப் பூசணிக்காய்க்குப் போட்டுவிட்டேன். சத்தம் நின்றது. அந்த இருக்கையில் அந்தப் பெல்ற் ஒழுங்காகக் கொழுவப்பட்டது இன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

நீ போட்டதே இல்லை. பொலிஸ்காரரைக் கண்டால் மட்டும் அதை இழுத்து நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு சாதுவாக இருப்பாய். "உது பொலிசுக்குக் காட்டுற பூணூல்" என்பாய். கார் கத்தக் கத்த, நீ அதற்கு மேலாகக் கத்திக் கதைத்துக்கொண்டு வருவாய்.

நீ போய் எட்டு மாதமாகிறது. அதற்கு முந்திய பத்து மாதமும் நீ என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஆக, ஒன்றரை வருஷமாக அந்த இருக்கை சும்மாதான் கிடக்கிறது; மனைவி முழங்காலை நீட்டிக்கொண்டு பின்னால்தான் இருப்பாள். நான் உனக்குச் செய்தது சரியா பிழையா என்று உன்னிடமே கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்து, ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டேன். இன்றைக்கு இனித் தள்ளிப்போட முடியாதபடி ஒன்று நடந்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் என் புலம்பலைக் கேள். இந்தக் கார் என்னைக் களைக்கப் பண்ணுகிறது. மாரி தொடங்கினால் எலி வந்து பொனற்றுக்குள் படுக்கிறது. படுத்தால் பரவாயில்லை, வயரையும் கடிக்கிறது. இரண்டு நாள் ஓடாமல் விட்டால் பற்றறி செத்துப்போகிறது. குளிரூட்டி போன வருஷமே கைவிட்டுவிட்டது. அதற்கு வேண்டிய சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்கிறான் மெக்கானிக். எப்போது வரும் என்று கேட்டால் "நாளைக்கு வாங்கோ ஐயா" என்கிறான். அவனுடைய நாளைக்கு இதுவரை விடியவில்லை. ஒழுங்கையில் ஒரு பள்ளத்தை மூடினால் தண்ணீர்க் குழாய் புதைக்கிறோம் என்று வந்து இரண்டாய்த் தோண்டுகிறார்கள். இவ்வளவுக்கும் ஊரில் எல்லோரும் என்னைப் பார்த்து "உங்களுக்கென்ன, கார் வைச்சிருக்கிறியள்" என்கிறார்கள்.

எனக்குக் கார் ஆசை இருந்ததே இல்லை. கந்தோர் வேலைக்கு இருபத்தாறு வருஷம் சைக்கிளில் போய் வந்தவன் நான். நீயும் அப்படித்தான். ஓய்வு பெற்றதும் நீ ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினாய். இரண்டு மாதம் என்னை அதில் ஏற்றிக் கோப்பாயையே சுற்றிக் காட்டிவிட்டு, "இனி நீயும் வாங்கு. ஒருத்தன்ரை பழுதானா மற்றவன்ரையிலை போகலாம்" என்றாய். அது மட்டும் உண்மையாயிற்று. இரண்டில் ஒன்று எப்போதும் பழுதாகவே இருந்தது.

கார் ஓடுவதைவிட உனக்கு அபிப்பிராயம் சொல்வதில்தான் விருப்பம். திரும்பி முடிந்த பிறகு சிக்னல் போடுகிறவனை நீ ஒரு சாதியாகவும், சிக்னலைப் போட்டுவிட்டு வீடு வரைக்கும் அணைக்க மறந்து போகிறவனை இன்னொரு சாதியாகவும் பிரித்து வைத்திருந்தாய். ரியூசன் விட்டு நாலு சைக்கிள் ஒரே வரிசையில் கதைத்துக்கொண்டு போனால் கோன் அடிக்க விடமாட்டாய். "படிச்சுக் களைச்சு வருதுகள், கதைக்கட்டும்" என்பாய். ஆனால் ஆவணியில் வெளிநாட்டிலிருந்து வந்து, வாடகை வாகனத்தை நடு றோட்டில் நிறுத்தி, "எங்கடை நாட்டிலை உப்பிடி ஓடமாட்டினம்" என்கிறவர்களைக் கண்டால் உனக்கு ஆகாது. "எங்கடை நாடாம். இவன் எங்கை பிறந்தவன்?" என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டு வருவாய்.

ஒழுங்கைக்குள் இரண்டு கார் எதிரெதிரே சந்தித்தால் யார் பின்னால் போவது என்பதில் நமக்குள் எத்தனை சண்டை. படலைக்குக் கிட்ட நிற்கிறவன் பின்னால் போய் அந்த வளவுக்குள் ஒதுங்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். நீ அதையும் ஏற்கமாட்டாய். "றிவேர்ஸ் எடுக்கத் தெரிஞ்சவன் எடுக்கவேணும். மற்றவனுக்கு அதுக்குள்ளை கை நடுங்கிப்போடும்" என்று சொல்லி, எந்த வழக்கத்தையும் பாராமல் நீயே பின்னால் போவாய். கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே ஓட்டமாகப் போய் நிற்பாய். அந்த நாட்களில் உன் கண் அவ்வளவு துல்லியம்.

நாட்டில் பெற்றோலே கிடைக்காமல் கிடந்த வருஷம், நிரப்பும் நிலையத்துக்கு முன்னால் இரண்டு பகல் வரிசையில் நின்றோம். எஞ்சினைக் கிளப்பினால் இருக்கிறதும் தீர்ந்துபோகும் என்று ஆளுக்கு ஆள் தள்ளித் தள்ளி முன்னால் கொண்டுபோனோம். உன்னுடையதை நான் தள்ளினேன், என்னுடையதை நீ தள்ளினாய். வேர்த்து விறுவிறுத்து நின்றபோது, "ஓடேக்கை ஒண்டும் தெரியேல்லை. தள்ளேக்கைதான் தெரியுது, என்ன பாரமெண்டு" என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம். இப்போது அதை நினைக்கச் சிரிப்பு வரவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு உன்னோடு பயணம் செய்யப் பயம். நீ கோயிலைக் கண்டால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிடுவாய். எங்கள் பக்கத்தில் கோயிலைக் காணாமல் எவ்வளவு தூரம் போக முடியும்? கோப்பாயிலிருந்து உரும்பிராய் ஏறி மருதனார்மடம் போவதற்குள் பதினொரு கோயில் என்று நான் எண்ணிச் சொன்னேன். "வேலியோரத்து வைரவரை விட்டுட்டாய், பன்னிரண்டு" என்று நீ திருத்தினாய். அத்தனைக்கும் வலக்கை நெஞ்சுக்குப் போய் வரும். பெரிய கோயில் என்றால் இரண்டு கையும் போகும். "ஒரு கையையாவது விடாமல் பிடியடா" என்று நான் கத்தினால், "கும்பிடுற நேரம் அவர் பிடிப்பார்" என்பாய்.

அன்றைக்கு நாங்கள் பண்டத்தரிப்பில் என் தங்கச்சி வீட்டுக்குப் போனோம். உன் கார், நீதான் ஓட்டினாய். உரும்பிராய் தாண்டியதும் குழாய் புதைக்கும் வேலை. நின்று நின்று, ஊர்ந்து ஊர்ந்து போனோம். நீ பல்வலிக்கு மருந்தெடுக்கப் போன கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாய். மருதனார்மடம் சந்தி வந்தது. அங்கே ஆஞ்சநேயர் பனை உயரத்துக்கு மேலே வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறார். அவரைக் காணாமல் அந்தச் சந்தியை யாரும் கடக்க முடியாது. உன் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. கார் போய்க்கொண்டே இருந்தது.

"என்னடா, இண்டைக்குக் கும்பிடேல்லையோ?" என்று பகிடியாகத்தான் கேட்டேன்.

"ஆரை? மருதனார்மடம் இன்னும் வரேல்லையே" என்றாய்.

நான் திரும்பி, பின்னால் நின்ற ஆஞ்சநேயரைப் பார்த்தேன். நீ உடனே சமாளித்தாய். "கதையிலை கவனிக்கேல்லை" என்றாய். திரும்பி வரும்போது நான் கதைக்காமல் உன்னையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு வளவு மதில் திருப்பத்தில் உன் கை நெஞ்சுக்குப் போனது. அங்கே இருந்த வைரவர் சூலத்தை, றோட்டு அகலமாக்கியபோது எடுத்து உள்ளே வைத்து ஒரு வருஷமாகிறது. நீ மதிலைக் கும்பிட்டாய். அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. எத்தனையோ மாதமாக நீ கோயில்களைக் கண்டு கும்பிடவில்லை. பாடமாக்கி வைத்துக் கும்பிட்டிருக்கிறாய். றோட்டையும் அப்படியேதான் ஓட்டியிருக்கிறாய். அன்றைக்கு நின்று நின்று போனதில் உன் கணக்குப் பிழைத்துவிட்டது.

உன் வீட்டு வாசலில் வைத்தே உன்னிடம் சொன்னேன். "மச்சான், உனக்குக் கண் தெரியேல்லை. டொக்டரிட்டைக் காட்டு. அதுவரைக்கும் கார் ஓடாதை."

"உடம்பிலை சீனி கொஞ்சம் கூடிப்போச்சு. அவ்வளவுதான். போயிட்டு வா" என்றாய்.

ஒரு கிழமை பொறுத்திருந்தேன். அந்த ஒரு கிழமையும் காலை ஏழு மணிக்கு என் படலையைத் தாண்டி உன் கார் போயிற்று. மனைவி கண்ணை மூடிய பிறகு நீ மகளோடு இருந்தாய். பேத்தியைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது உன் வேலை. அந்த வேலையால்தான் நீ அந்த வீட்டில் நிமிர்ந்து நடந்தாய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பின் இருக்கையில் அந்தப் பிள்ளை தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு எனக்குக் கை காட்டிப் போகும்போது என்னால் திரும்பக் கை காட்ட முடியவில்லை. எட்டாம் நாள் நீ இல்லாத நேரம் பார்த்து உன் மகளிடம் போனேன். கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் இருந்த உடுப்பைக் கொடியில் போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. "ஓம் மாமா" என்று மட்டும் சொன்னாள்.

அன்று பின்னேரம் நீ நடந்து வந்தாய். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"என்ரை கார்த் திறப்பைப் பறிச்சுப்போட்டாய், என்ன? மகள் எனக்கு முன்னாலை நிண்டு அழுதுகொண்டு கேக்கிறாள். நான் அவளுக்கு முன்னாலை தலைகுனிஞ்சு திறப்பைக் குடுத்தன். உனக்கு இப்ப சந்தோஷமோ?"

"உனக்கு முதல் சொன்னனான்தானே."

"எனக்குச் சொல்லு. நூறு தரம் சொல்லு. அவளுக்கு ஏன் சொன்னனீ?"

பதில் இருந்தது. பேத்தி பின் இருக்கையில் இருக்கிறாள் என்பதுதான் பதில். அதைச் சொல்லாமல், கதிரையைத் திரும்பவும் உன் பக்கம் இழுத்துப் போட்டேன். நீ திரும்பிப் போனாய்.

அதன் பிறகு உன்னை றோட்டில்தான் கண்டேன். வெயிலில் பஸ்ஸுக்கு நடப்பாய். நான் காரை மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கி, "ஏறு மச்சான்" என்பேன். நீ வேலியில் ஏதோ பூத்திருப்பது போல மற்றப் பக்கம் பார்ப்பாய். எத்தனை தரம் நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. பின்னால் வந்த ஆட்டோக்காரர்கள் கோன் அடித்தே என் காது போயிற்று. பிறகு ஒரு காலை, நெஞ்சுக்குள் நோகிறது என்றாயாம். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் இருந்தாய். உன்னைச் சுடலைக்குக் கொண்டுபோனபோது நான் காரில் கடைசியாக, முதல் கியரில் வந்தேன். எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிந்து உன் மகளிடம் கேட்டேன், அப்பா என்னைப் பற்றி ஏதும் கதைத்தவரோ என்று. "இல்லை மாமா, ஒண்டும் கதைக்கேல்லை" என்றாள். பொய் சொல்லி என்னை ஆற்றத் தெரியாத பிள்ளை. உன்னைப் போலத்தான்.

இனி இன்றைக்கு நடந்தது.

சந்தையிலிருந்து நேரே யாழ்ப்பாணம் போனேன். சாரதி அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வைத்தியச் சான்றிதழ் வேண்டும். எனக்கு இரண்டு மாதமாக, மழை நேரத்தில் எதிரே வரும் பஸ்ஸின் விளக்கைச் சுற்றிப் பனிப்புகார் கட்டுகிறது. கடைப் பலகைகளின் சின்ன எழுத்தெல்லாம் கரைந்து தெரிகிறது. ஒருவருக்கும் சொல்லவில்லை. மனைவிக்கு முழங்கால் வருத்தம், கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும். தங்கச்சி பண்டத்தரிப்பில் தனிய இருக்கிறாள். எனக்கு நானே சொல்லிக்கொள்ளக் காரணம் நிறைய இருந்தது. உனக்கும் இருந்திருக்கும்.

வரிசையில் எனக்கு முன்னால் ஐந்தாறு பேர். கதவு திறந்தே கிடந்தது. ஒவ்வொருவரும் சுவரில் இருந்த எழுத்துகளைச் சத்தமாக வாசித்தார்கள். எல்லோருக்கும் அதே வரிதான். என் முறை வருவதற்குள் அது எனக்குப் பாடமாகிவிட்டது. உள்ளே போனேன். சின்ன வயது டொக்டர் பிள்ளை. "ஐயா, கீழை இருந்து ரெண்டாவது வரியை வாசியுங்கோ" என்றாள். சுவரில் எனக்குத் தெரிந்தது சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. வாயில் அத்தனை எழுத்தும் வரிசையாக வந்து நின்றன.

"தெரியேல்லைப் பிள்ளை" என்றேன்.

அந்த இரண்டு சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமா? அந்நியப் பிள்ளைக்கு முன்னால், கதவு திறந்திருக்க, உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. இதைத்தான் நீ உன் சொந்த மகளுக்கு முன்னால் பட்டாய். நீ ஏன் என்னோடு கதைக்கவில்லை என்று இன்றைக்கு விளங்கியது. விளங்கியும் சொல்கிறேன், மச்சான், உன் பேத்தி பின்னால் இருக்கும் என்றால் நான் திரும்பவும் போய்ச் சொல்லுவேன். நீ திரும்பவும் பத்து மாதம் கதைக்காமல் விடு.

காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன். மருமகன் போய் எடுத்து வருவான். படலையைத் திறக்க, சமைத்துக்கொண்டு நின்ற மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னப்பா, கார் எங்கை?" என்றாள். கிணற்றடியில் கால் கழுவுகிற சாட்டில் நெடுநேரம் நின்றேன். பிறகு போய்ச் சொன்னேன்.

நீ இருந்திருந்தால் நான் இவ்வளவு பாடுபட்டிருக்கத் தேவையில்லை. எப்போதோ கண்டுபிடித்திருப்பாய். என்னோடு ஒரு வார்த்தை கதைக்காமல், என் முகத்தையும் பாராமல், நேரே குசினி வாசலுக்குப் போய் அவளிடம் சொல்லியிருப்பாய்.