இருநூற்றுப் பதினான்கு என்று கூப்பிடப் போகிறேன்

என் கனகுவுக்கு,

பீர்மேட்டில் மழை விட்டபாடில்லை. தோட்டத்து லயத்தில், உங்கள் வரிசை வீட்டில், உன் அம்மாவான என் சித்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஜீப் கவிழ்ந்து நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியட்டும் என்றுதான், வரும் திங்கட்கிழமைக்குப் பிறகு எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பெரியம்மா மகளும் சித்தி மகளுமாக நாம் இருவரும் ஒரே ஆராய்ச்சிக் கூட்டமைப்பில் சேர்ந்தோம். பல ஆஸ்பத்திரிகளும் கல்லூரிகளும் சேர்ந்து நடத்துவது. இளம் விஞ்ஞானிகளை வளர்ப்பதே லட்சியம் என்று சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்குச் சிறுநீரகம் ஏன் கெடுகிறது என்று பார்க்க, நீ லயம் லயமாக ஏறி ரத்தம் எடுத்தாய். நான் கொச்சியில் ஏசி அறையில் உட்கார்ந்து உன் தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

தோட்டத்தில் பாதிப் பேர் மாரியம்மாள், மீதிப் பேர் முத்தம்மாள். அதனால் குப்பிகளில் பெயருக்குப் பதிலாக, காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் சரிபார்க்கக் கூப்பிடும் எண்ணை எழுதச் சொன்னார் ஆய்வை நடத்திய பெரிய டாக்டர். எண் ஆளோடு போகும் என்று நினைத்துவிட்டார். இங்கே எண் வேலையோடு போகும். அம்மா ஓய்வு பெற்றால் மகள் அதே எண்ணில் ஏறிக்கொள்வாள். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியதாலோ என்னவோ, முதல் வருஷம் நம் இருவருக்குமே அது உறைக்கவில்லை.

இரண்டாம் வருஷம் நீ ஊசியோடு உட்கார்ந்து இருநூற்றுப் பதினான்கு என்றதும் கை நீட்டியது சித்தி இல்லை, உன் தங்கை வசந்தி. அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்தாய். அவர் ஸ்பீக்கரில் போட்டார். நான் மேசைக்கு எதிரில் நின்றிருந்தேன்.

"நம்பரு அதேதான் சார், ஆளு வேற. போன வருசம் அம்மா, இந்த வருசம் மக. நோட்டுல ஒவ்வொண்ணா எழுதி வச்சிருக்கேன். ரெண்டையும் ஒண்ணா சேத்துராதீங்க சார்."

"அதொக்கெ பின்னெ நோக்காம், கனகம்" என்று சிரித்தார். அதெல்லாம் பிறகு பார்க்கலாமாம். மூன்றாம் நாள் நீ இல்லை. அவர் சொன்ன அந்தப் 'பிறகு' வரவே இல்லை.

கட்டுரைதான் வந்தது. புதுக் குடிநீர்த் தொட்டி கட்டிய பின் பெண்களின் சிறுநீரகம் தேறிவிட்டதாம். அம்மாவின் ரத்தத்துக்குப் பக்கத்தில் இளவயசு மகளின் ரத்தத்தை வைத்து இரண்டும் ஒரே ஆள் என்றால், தேறாமல் என்ன செய்யும்? அதிலும் எல்லாரையும்விட அதிசயமாகக் குணமானது இருநூற்றுப் பதினான்கு. உன் அம்மா.

உன் பெயர் எங்கும் இல்லை. கடைசியில், களப்பணியாளர்களுக்கு நன்றி என்று ஒரு வரி. உன் பெயர் வரவேண்டிய இடத்தில் என் பெயர் இருந்தது. ஆள் மாறியது தெரியாதபடி, முதல் வருஷத்து வயதுகளை எடுத்து இரண்டாம் வருஷத்து ரத்தத்தோடு ஒட்டியவள் நான்தான், கனகு. தெரிந்தே ஒட்டினேன். ஒரே ஒரு முறை அவரிடம் கேட்டேன். "உன் கான்ட்ராக்ட் அடுத்த மாசம் முடியுதல்லே?" என்றார். வாயை மூடிக்கொண்டேன். அதே வாயை வைத்துக்கொண்டு உன் படத்துக்கு முன்னால் எப்படி அழுதேன்?

பிரச்சனை தீர்ந்துவிட்டது என்று மாதாமாதம் வந்த மருத்துவ வண்டியை நிறுத்திவிட்டார்கள். சித்திக்குக் கால் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. போன வாரம் நான் வந்தபோது, டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் இருந்து உன் நோட்டை எடுத்து என் மடியில் போட்டாள்.

"எழுத்து எனக்குப் புரியாது. ஆனா எம்மக பொய் எழுத மாட்டா. நீ படிச்சவதான? இத்தன நாளு என்னடி பண்ணுன?"

எல்லாவற்றையும் சொன்னேன். சித்தி அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "அந்த ஆள எனக்குப் பாக்கணும்" என்றாள்.

பார்க்கப் போகிறோம். திங்கட்கிழமை கொச்சியில் கூட்டமைப்பின் ஆண்டு விழா. இந்த வருஷத்துச் சிறந்த இளம் விஞ்ஞானி யார் தெரியுமா? நான்தான். சிரிக்காதே. என் வளர்ச்சிப் பாதையைப் பற்றி நான் பேச வேண்டும். முதல் வரிசையில் நடுநாற்காலியில் அவர் இருப்பார்.

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி, உன் நோட்டின் படங்களோடு, என் குற்றத்தையும் எழுதி நேற்றே ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். இனி எந்த ஆய்வகம் என்னைச் சேர்க்கும்? தெரியவில்லை. கவலையும் இல்லை. நியாயம் கிடைத்தால் போதும் என்று நல்லவள் மாதிரி உன்னிடம் நடிக்க மாட்டேன். எனக்கு அது போதாது. அத்தனை பேர் நடுவில் அவர் முகம் வெளுத்துப் போவதை நான் பார்க்க வேண்டும். நீ இருந்தால் வேண்டாம் என்பாயோ?

சித்தியும் வசந்தியும் என்னோடு வருகிறார்கள். இந்தக் காலோடு எப்படி வருவாய் என்று கேட்டேன். "பெரட்டுல கூப்புட்டா எந்திரிச்சு நிக்கத் தெரியாதா எனக்கு?" என்றாள்.

இது சத்தியம், கனகு. மேடை ஏறியதும் திரையில் படம் காட்ட மாட்டேன், நன்றி சொல்ல மாட்டேன். பெரட்டுக்களத்தில் கூப்பிடுவது போலவே, இருநூற்றுப் பதினான்கு என்று உரக்கக் கூப்பிடுவேன். கடைசி வரிசையில் இரண்டு பேர் எழுந்து நிற்பார்கள்.

உன் இடத்தில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்து, இப்போதுதான் எழுந்த
உன் அக்கா,
ராணி