மல்லாக்கக் கட்டிய மீன்

என் ஆசை அண்ணன் சேவியருக்கு,

உன் மீனை ஜாடிக்குள் தலைகீழாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். வயிறு மேலே, முதுகு கீழே. பக்கத்தில் ஒரு சீட்டு: "ஆழ்கடல் ஒளிமீன். கொடுத்தவர் பெயர் தெரியவில்லை." பிடித்தவன் நீ. கொடுத்தவள் நான். இரண்டு பெயரையும் தாளில் எழுதித் தராமலா வந்தேன்? எழுதித்தான் கொடுத்தேன்.

நீ கண்ணை மூடிய பிறகு, மீன் இருந்த அந்தப் பாட்டிலை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பானேன் என்று தோன்றியது. சாந்தோமிலிருந்து பஸ் ஏறி, மடியில் வைத்துப் பிடித்தபடி போய், ஒரு கல்லூரி மியூசியத்தில் ஒப்படைத்தேன். அந்தப் புத்தி எனக்கு ஏன் வந்தது?

ஆராய்ச்சிக் கப்பலில் வலை இழுக்கும் வின்ச்சை ஓட்டியவன் நீ. மேலே வருவதற்குள் இந்த மீன்களுக்குச் செதில் எல்லாம் உரிந்துவிடும் என்பாய். இந்த ஒன்றை மட்டும் கை படாமல், டீ கிளாஸில் கடல் தண்ணீரோடு மொண்டு எடுத்தாய். விரல் நீளம்கூட இல்லை. தலையில் பாதி கண். வயிற்றோரம் பொத்தான் தைத்ததுபோல வரிசையாக விளக்குகள். எட்டாவதோடு நின்ற நான், அந்த விளக்கு எதற்கென்று தெரிந்துகொள்ளத்தான் அகராதியை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் புத்தகங்களோடு மல்லுக்கட்டினேன்.

பகலில் அது வெளிச்சம் மங்கிப்போன ஆழத்தில் இருக்கும். பொழுது சாய்ந்ததும் இரை தேடி மேலே ஏறும். கீழேயிருந்து ஒரு பெரிய மீன் அண்ணாந்து பார்த்தால், மேலிருந்து வரும் மங்கலான வெளிச்சத்தில் இதன் உடல் நிழலாகத் தெரிந்துவிடும். அந்த நிழலை அழிக்கத்தான் வயிற்றில் விளக்கு. மேலே எவ்வளவு வெளிச்சமோ, ஏறக்குறைய அவ்வளவே எரியும்.

மியூசியம் மேடத்திடம் இதைச் சொன்னேன்.

"ஆன்ட்டி, நேரா வெச்சா லைட்டெல்லாம் கீழ போயிடும். பாக்குறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியக் கூடாதுன்னுதாம்மா அதுக்கு லைட்டே."

அவள் சிரித்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த அட்டெண்டர் விட்டானா?

"இன்னா ஆயா, செத்த மீனுதான? மல்லாந்து கெடந்தா இன்னா, கவுந்து கெடந்தா இன்னா?"

"நாளைக்கு உன்ன சவப்பொட்டில கவுத்துப் போட்டா ஒத்துக்குவியா?"

துணியை உதறிக்கொண்டு அடுத்த கண்ணாடியைத் துடைக்கப் போனான். மீனைத் திருப்பவில்லை.

மூன்று முறை போய்விட்டேன். நேற்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அதைப் படம் வரைந்தார்கள். எல்லா நோட்டிலும் விளக்கு வானத்தைப் பார்த்து. டீச்சர் வெரி குட் போட்டாள். நீயாக இருந்தால் சிரித்திருப்பாயோ? எனக்கு வயிறு எரிந்தது.

இனி ஆக வேண்டியது இதுதான். மேடம் நூலை அவிழ்த்து, செதில் உதிராமல், மீனை வயிறு கீழே இருக்கும்படி கட்ட வேண்டும். அட்டெண்டர் ஜாடிக்கு அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைக்க வேண்டும். விளக்கு அதில் தெரியும். சீட்டு எழுதுகிறவர் உன் பெயரையும், நீ வின்ச் ஓட்டியவன் என்பதையும் எழுத வேண்டும். அதுவரை, பிள்ளைகள் வரும் செவ்வாய்தோறும் நான் அந்த ஜாடி முன்னால் நிற்க வேண்டும். வரைகிற பிள்ளைகளிடம், "நோட்டத் திருப்பிப் புடிங்க. கீழ சேவியர்னு எழுதுங்க" என்று சொல்ல வேண்டும். சொல்வேன், அண்ணா.

விட்டுக்கொடுக்காத உன் தங்கை,
பிலோமினா