முடிவு வருவதற்குள்

அக்கா,

இன்று காலை என் வேங்கிக்கால் வீட்டில் தண்ணீர்த் தொட்டி கழுவ வந்தவர் பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்தார். அந்த நெடி ஏறியதும், எண்பதுகளின் தொடக்கத்தில், அடி அண்ணாமலைக் கிணற்றடியில் நாம் நின்ற காலை கண்முன் வந்துவிட்டது.

நீங்கள் ஆஸ்பத்திரி லேப்பில் இருந்தீர்கள். நான் புதிதாகச் சேர்ந்த நர்ஸ். கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனை முடிவு காலத்தோடு ஊருக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்த்துவர நம்மை அனுப்பியிருந்தார்கள். கார்த்திகை தீபம் நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியூர் ஆய்வகத்துக்குப் போன தண்ணீருக்கு வாரக்கணக்காகப் பதில் இல்லை. அதற்குள் அந்தத் தெருவில் வாந்தியும் பேதியும் பரவியிருந்தன. கன்னியம்மா என்ற பெண், கண்கள் குழிந்து, நாக்கு உலர்ந்து வாசலில் கிடந்தாள். அவளை ஆஸ்பத்திரிக்கு வண்டியேற்றிவிட்டுத் திரும்பினால், அதே கிணற்றில் பெண்கள் குடம் குடமாக இறைத்துக்கொண்டிருந்தார்கள். மலை சுற்ற வரும் கூட்டத்துக்காகத் தண்ணீர்ப் பந்தலில் ஊற்றிவைக்க.

நீங்கள் போய்க் கயிற்றைப் பிடித்தீர்கள். "இத யாரும் குடிக்காதீங்க."

பந்தல் போட்டவர் கத்தினார். "தண்ணி கெட்டுப்போச்சுன்னு ரிசல்ட் வந்துச்சா? காட்டுங்கம்மா!"

"இன்னும் வரலைங்க. அது வர்ற வரைக்கும் ஜனம் தாங்காது."

கூட்டம் நெருங்கியது. நான் உங்கள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "போயிடலாம்க்கா, பயமா இருக்கு."

"எனக்கும்தான் பயம்," என்றீர்கள் மெதுவாக. "தண்ணி நல்லதா இருந்தா என் வேல போயிடும். கெட்டதா இருந்து, நாம போயிட்டா?"

கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக் கிணற்று மேடையிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். சாயங்காலம் லாரியில் தண்ணீரும், கிணற்றில் போடப் பிளீச்சிங் பவுடரும் வரும்வரை நீங்கள் எழுந்திருக்கவில்லை. நானும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

தீபம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் பதில் வந்தது. குடிக்கத் தகாத தண்ணீர். கன்னியம்மா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தாள். பந்தலில் லாரித் தண்ணீரைக் குடித்த யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 'இந்த ஏற்பாட்டில் நோய் முன்னே போகிறது, பதில் பின்னே வருகிறது' என்று அறிக்கையில் எழுதிக்கொடுத்தீர்கள். அதிகாரி அந்த வரியை அடித்தார். நீங்கள் மறுபடி எழுதினீர்கள். அடுத்த வருடத்திலிருந்து, தபாலுக்குக் காத்திராமல் முடிவைப் போனில் சொல்லத் தொடங்கினார்கள்.

நீங்கள் இந்த உலகை விட்டுப் போய்விட்டீர்கள். அந்தப் பயம் என்னிடம் இருக்கிறது. வேலையில் இருந்தவரை, எந்த ஊரிலிருந்து தகவல் வரவில்லையோ அந்த ஊருக்குத்தான் முதலில் பஸ் ஏறுவேன். ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டேதான் போவேன், அக்கா. ஆனாலும் போவேன்.