மூடியில் பதிந்த கட்டைவிரல்

என்னங்க,

இன்று காலை அந்த பிஸ்கட் டின்னைத் திறந்தேன். மூன்று மாதமாக அதைத் தொடவில்லை. உள்ளே உங்கள் பழைய பனியன் துணியில் சுற்றி வைத்த கார்புரேட்டர் மூடி. துணியை விரித்ததும் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. இந்த வாடை சமையலறைப் பக்கம் வரக்கூடாது என்று உங்களோடு எத்தனை வருடம் மல்லுக்கு நின்றவள் நான்! இன்று அந்தத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். காப்பித் தண்ணீர் பொங்கி அடுப்பு அணைந்தது.

மூடி நன்றாகத்தான் இருக்கிறது. வெளிர் மஞ்சள், வெளிச்சத்தில் சாய்த்தால் கொஞ்சம் பச்சை, கொஞ்சம் ரோஸ். நடுவில் உங்கள் வலது கட்டைவிரல் ரேகை. உளி பட்ட தழும்பு ஒன்று குறுக்கே ஓடுமே, அதுகூடத் தெரிகிறது. சாயங்காலம் மலாய் வாத்தியார் ரம்லி சிக்கு தன் மூடியை வாங்கிப்போக வருவதாகச் சொல்லியிருந்தார். அழித்துவிட்டுக் கொடுப்பதா, அப்படியே கொடுப்பதா, கொடுக்காமலே இருந்துவிடுவதா என்று இன்றைக்கு முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

நீங்கள் சிங்கப்பூர்ப் பட்டறையில் வேலையை விட்டுவிட்டு, கெலாங் பாத்தாவில் நம் வீட்டின் பக்கவாட்டில் ஒரு மேசையைப் போட்டு, பழைய கார்களின் கார்புரேட்டரைப் பிரிக்க ஆரம்பித்தபோது எனக்குச் சிரிப்பாக இருந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற ஒரு கையடக்கச் சட்டி. அதற்கு இத்தனை பூசையா என்று கேட்டேன். "உனக்குத்தான் முலாம் போடத் தெரியுமே, சேர்ந்து செய்யலாம் லா" என்றீர்கள். இருபத்திரண்டு வருடம் தொழிற்சாலையில் முலாம் பிரிவில் நின்ற காலோடு, வீட்டிலும் முலாம் போட வந்தேன். கையுறை, முகமூடி இல்லாமல் உங்களை அருகில் விடமாட்டேன். கழிவுத் தண்ணீரைக் கால்வாயில் ஊற்றாமல் டிரம்மில் சேர்க்கச் சொல்லி உங்கள் உயிரை எடுத்தேன். "தொழிற்சாலை சூப்பர்வைசரைக் கட்டிக்கிட்டு வந்தேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவீர்கள்.

முதல் கார்புரேட்டர் நினைவிருக்கிறதா? உங்களை அசத்த வேண்டும் என்று, நீங்கள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அதைத் தேய் தேய் என்று தேய்த்தேன். வெள்ளிக்கிழமை குத்துவிளக்குக்குக் கொடுக்கிற தேய்ப்பு. முகம் பார்க்கலாம் போல மின்னியது. நீங்கள் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டீர்கள்.

"அடிப்பாவி, இதென்ன கோயில் கொடமா? இது பொறந்தப்பகூட மின்னலையேடி!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மின்னினால்தான் புதுசு என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு நீங்கள் சாப்பிடாமல் மேசையில் உட்கார்ந்து, இரண்டு பாகத்துக்கும் நடுவே ஒட்டியிருந்த பழைய காகித அட்டையைப் பிளேடால் மெல்ல எடுத்தீர்கள். அட்டைக்கு அடியில், காற்றும் வெயிலும் படாத இடத்தில், விரல் நகம் அளவுக்கு அந்த வெளிர் மஞ்சள் தப்பித்திருந்தது. "பாரு, இதுதான் அசல். இதைப் பார்த்து அதே நிறத்தைக் கொண்டா" என்றீர்கள். சமாதானம் சொன்னீர்களா, வேலை வைத்தீர்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதன் பிறகு நம் வீட்டில் 'அசல்' என்ற சொல் ஒரு நாளைக்கு நூறு தடவை புழங்கியது. மலாயிலும் அதே சொல்தான், அதே பொருள்தான். ஆனால் பின்னால் 'ஜாடி' சேர்த்து 'அசல் ஜாடி' என்றால் ஏனோதானோ வேலை. நான் கொஞ்சம் அவசரப்பட்டால் போதும், "இது அசலா, அசல் ஜாடியா?" என்று கிண்டல் செய்வீர்கள். மஞ்சள் கரைசலில் முக்கும்போது நான் எண்ணுவேன். இருபது எண்ணினால் வெளிர் நிறம், நாற்பது போனால் பித்தளை போலத் தடிப்பு. பக்கத்தில் நின்று நீங்களும் எண்ணி என் கணக்கைக் குழப்புவீர்கள்.

ரம்லி சிக்குவின் கார்புரேட்டர் கோத்தா திங்கி வெள்ளத்தில் மூழ்கி, சேறும் பூஞ்சையுமாக வந்தது. அவருடைய அப்பா ஓட்டிய கார். ஓய்வு பெற்ற வாத்தியார், மாணவனைப் போலக் கைகட்டி நின்று, "எல்லாம் பழையபடி வேண்டும், மூடிகூட மாற்றக்கூடாது" என்று கேட்டுக்கொண்டார். இரண்டு மாதம் உழைத்தோம். கடைசியாக மூடி மட்டும் பாக்கி.

அன்று காலை பத்து மணி இருக்கும். மூடியை முக்கி எடுத்து, அலசி, துணிக்கொடியில் செம்புக் கம்பியில் தொங்கவிட்டேன். மஞ்சள் பூச்சு ஒரு நாள் காயவேண்டும். அதுவரை அது ஆடை கட்டிய பால் மாதிரி, தொட்டால் தழும்பு நின்றுவிடும். உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் நிறம் பார்க்கிற ஆசையில் வெறும் கையால் எடுத்துவிட்டீர்கள்.

"தொடாதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது! சின்னப் புள்ளையா நீங்க? ஒரு நாள் பொறுக்க முடியாதா?"

"சரி லா, சரி லா. திரும்ப முக்கினா போச்சு. நீ இருக்க, நான் இருக்கேன், அப்புறம் என்ன?"

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சந்துமுனைக் கடையில் பசியாற நாசி லெமாக் வாங்க மோட்டாரை எடுத்தீர்கள். "சம்பல் கூடவா?" என்று கேட்டீர்கள். அதற்கும் நான் பேசவில்லை. கடை நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று கடைக்காரர் போன் செய்தபோது பத்தரைகூட ஆகவில்லை. மாரடைப்பு என்றார்கள். மறுநாள் உங்களை எடுத்துக்கொண்டு போன பிறகு கொடிப்பக்கம் போனேன். மூடி காய்ந்து கெட்டியாகியிருந்தது, உங்கள் ரேகையோடு.

சிக்குவிடம் மூன்று மாதமாகப் பொய் சொன்னேன். முலாம் மருந்து வரவில்லை, நிறம் சேரவில்லை, கைவலி. பாவம், நம்பினார். மகள் "போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு குடுத்துடுங்கம்மா" என்றாள். எடுத்துப் பார்த்தேன். போட்டோவில் வெறும் அழுக்குக் கறை மாதிரி இருக்கிறது.

இன்று மதியம் மெல்லிய அமிலத்தைக் கலந்து வைத்தேன். அரை நிமிடம் முக்கினால் பூச்சு கரைந்துவிடும். திரும்ப இருபது எண்ணினால் வேலை முடிந்தது. நீங்கள் இருந்திருந்தால் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பீர்கள். கையுறை போட்டேன், கம்பியில் கோத்தேன். மூடி கிண்ணத்துக்கு மேலேயே நின்றது. என்னால் முடியவில்லைங்க.

சிக்கு வந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் மூடியை ஓரத்தில் மட்டும் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். "தா பெர்லு பாடாம், காக்" என்றார். அழிக்க வேண்டாம், அக்கா. பிறகு அவரே, "இது உங்களிடமே இருக்கட்டும். நான் வேறு மூடி தேடிக்கொள்கிறேன்" என்றார்.

வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டிவிட்டேன். ஆனால் வேறு மூடி போட்டால் அது அவருடைய அப்பாவின் கார்புரேட்டர் ஆகுமா? அந்த ஒன்றுக்காகத்தானே இரண்டு மாதம் முதுகொடிந்தீர்கள். "இல்லை சிக்கு, இது உங்கள் வண்டியோடது" என்றேன். குறையோடு ஒரு வேலை நம் வீட்டு வாசலைத் தாண்டிப் போனது இதுதான் முதல் தடவை. அசல் ஜாடி என்று நீங்கள் திட்டினாலும் சரி, எனக்கு அது அசல்.

அந்தச் சொல்லை உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது, யாருக்கும் கொடுக்க முடியாதது. உங்களிடம் நான் கடைசியாகப் பேசியது 'தொடாதீங்க' என்றுதான். துணி உலர்த்தப் போகும்போதெல்லாம் அது என் காதில் என் குரலிலேயே கேட்கிறது.

பொட்டலம் கட்டுவதற்கு முன்னால், சிக்கு செருப்பு மாட்டப் போன நேரத்தில், மூடியைப் பிடிக்கப் போட்டிருந்த கையுறையைக் கழற்றினேன். உங்கள் கட்டைவிரல் மேல் என் கட்டைவிரலை வைத்து, என் பலம் கொண்ட மட்டும் அழுத்தினேன். எடுத்துப் பார்த்தேன். என் ரேகை பதியவில்லை. பூச்சு காய்ந்து மூன்று மாதம் ஆகிவிட்டது.