ஏரி போடும் சத்தம்

சின்னவளின் அம்மாவுக்கு,

அத்தையின் முழங்கால் வலி தேவலையா? நான் நலம், மூக்குதான் தக்காளி மாதிரி சிவந்து கிடக்கிறது.

கோடையில் மீன்பிடிக்க வருகிறவர்களைப் படகில் கூட்டிப்போவேனே, அந்த ஏரி உறைந்துவிட்டது. இப்போது அதன்மேல் நடந்தே கூட்டிப்போகிறேன். முதல் நாள் பழக்கதோஷத்தில் துடுப்பையும் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பனியில் துளை போட்டுக் குனிந்து பார்த்தால், கோடையில் தூண்டிலுக்குத் தப்பிய மீன்களெல்லாம் என் காலடியில் ஊர்வலம் போகின்றன! மூச்சுவிடவே மறந்துபோனேன்.

அப்போது ஏரி அடிவயிற்றிலிருந்து உறுமியது. ஓடப் பார்த்தவனை முதலாளி பிடித்து நிறுத்தினார். "ஐஸ் இறுகுதுப்பா. சத்தம் போட்டா பயமில்ல. கம்முனு இருந்தாத்தான் பார்த்து நடக்கணும்."

நேற்று கரையோரம், சத்தமே இல்லாத இடத்தில், ஒரு கால் உள்ளே போய்விட்டது. முழங்கால்வரைதான், காய்ந்துவிட்டது.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. போனில் பேசி முடித்ததும் உடனே வைத்துவிடாதே. அடுப்படிச் சத்தம் கொஞ்சம் கேட்கட்டும்.

வண்டி வந்துவிட்டது. ஒன்றே ஒன்று: போன வாரம் முழுக்க நீ என்னோடு சண்டையே போடவில்லை. பயமாக இருக்கிறது. ஒருமுறை திட்டிவிடு.

உன் வீட்டுக்காரன்