சாலமனுக்கு ஒரு பதில் மணி

அன்புத் தங்கச்சி எஸ்தருக்கு,

நீ உயிரோடு இருந்தபோது உனக்கு எழுதவில்லை. கோபம். அது இன்னும் இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

மாரிகுப்பம் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "இங்க நீ கீறியே அண்ணா. பேச முடியாத பிள்ளைங்கள வெச்சிக்கினு அங்க அந்தத் தாயிங்களுக்கு யாரு கீறாங்க?" மிஷன்காரர்கள் கைதட்டினார்கள். நம் தம்பி சாலமனுக்கும்தான் பேச்சு வராது, நடை வராது. அவனைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவனுக்கு யார் கைதட்டினார்கள்? ஜாம்பியாவில் நீ செய்தது ஊழியம். மாரிகுப்பத்தில் நான் செய்வது வீட்டு வேலை.

உன் சாவுச் செய்தியைச் சாலமனிடம் நானே சொன்னேன். பாஸ்டர் வேண்டாம் என்றார். அவனுக்குப் பேச்சுதான் இல்லை, காது இருக்கிறது. கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நீ போனில் முகம் காட்டும் நேரத்துக்கு, கட்டில் இரும்பில் மூன்று தட்டினான்.

அந்த மணிக் கணக்கு நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. தங்கச் சுரங்கத்தில் ஆட்கள் போகும் கூண்டை, கேஜை, மணிச் சத்தம் கேட்டு ஏற்றி இறக்கும் இன்ஜினை ஓட்டியவன் நான். பள்ளிக்கூடம் அதிகம் போகாத எனக்கு நன்றாகத் தெரிந்த பாஷை அதுதான். ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆள் ஏறுகிறான். மூன்று கேட்டதும் நான் மூன்று திருப்பி அடிக்காமல் கேஜ் அசையக் கூடாது. நீயும் போனில் மூன்று தட்டுவாய். அவன் இரண்டு தட்டுவான். நான் படுக்க வைப்பேன். இப்போது பதில் இல்லை. படுக்க வைக்கப் போனால் ஒன்று தட்டுகிறான்.

பாஸ்டர் ஒரு வழி சொன்னார். "அக்காவோட பழைய வீடியோ கீதே அண்ணா, அதப் போட்டுக் காட்டினா இன்னா?"

"செத்தவ மணி அடிக்கிறதா? இன்ஜின் ரூம்ல அப்பிடிப் பொய் மணி அடிச்சா ஆளுங்க சாவாங்க. போங்க பாஸ்டர்."

நானே தட்டலாம்தான். ஆனால் அவன் கூப்பிட்டது உன்னை. உன் இடத்தில் நான் எப்படி நிற்பது?

இப்படிப் பல ஞாயிறுகள் போயின. பிறகு உன்னோடு வேலை செய்த ரூத், உன் துணிப்பெட்டியோடு வந்தாள். அவளுடைய மகனும் சாலமன் மாதிரிதானாம். கணவன் அங்கே செம்புச் சுரங்கத்தில் வேலை செய்கிறானாம். பாஸ்டர்தான் அவள் பேச்சை எனக்குத் தமிழில் சொன்னார். அன்று ஞாயிறு. சாலமன் மூன்று தட்டினான். ரூத் பேச்சை நிறுத்தவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாற்காலிக் கையில் மூன்று தட்டினாள். அவள் வீட்டுப் பழக்கம். கை தானாகப் போயிருக்கிறது.

பிறகுதான் திரும்பினாள். சாலமன் சிரித்துக்கொண்டிருந்தான். நீ செத்த பிறகு முதல் சிரிப்பு.

"இந்த மணிய யாரு குடுத்தாங்கன்னு கேளுங்க" என்றேன்.

"எஸ்தர் அக்காதானாம். அங்க வீட்டுக்காரருங்க எல்லாம் கேஜ்ல எறங்குறவங்க, அதனால தாயிங்க சட்டுனு புடிச்சிக்கினாங்களாம்."

"யாரோட மணின்னு சொன்னாளாமா?"

ரூத் சிரித்தாள். பாஸ்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இன்ஜின் ஓட்டுற அண்ணனோட மணியாம். ரொம்பக் கோவக்கார அண்ணனாம்."

அதையும் ஜாம்பியா வரைக்கும் கொண்டுபோயிருக்கிறாய்.

ரூத் உன்னைப் போல நடிக்கவில்லை. மணி கேட்டது, பதில் கொடுத்தாள். இன்ஜின் ரூமிலும் சட்டம் அதுதானே? ஷிப்ட் மாறும், ஆள் மாறுவான்; கைப்பிடியில் இருக்கிறவன் பதில் கொடுக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு சாலமன் மூன்று தட்டினான். நான் கட்டில் காலருகே நின்று மூன்று தட்டினேன். என்னையே பார்த்தான். ஒன்று தட்டினான். நிறுத்து என்கிறான். நின்றேன். வெகு நேரம் கழித்து மறுபடி மூன்று. நானும் மூன்று. பிறகு, மெதுவாக, இரண்டு.

படுக்க வைத்தேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. அந்தத் தாய்களுக்கு நீ செய்ததைத் தப்பென்றும் சொல்ல மாட்டேன். எனக்குப் பிறகு இவனுக்கு யார் என்று நீ ஒருநாளாவது யோசித்தாயா? பாஸ்டரை வாராவாரம் வந்து மணி பழகச் சொல்லியிருக்கிறேன். வந்துதான் ஆக வேண்டும், விட மாட்டேன். நான் இருக்கும் வரை ஞாயிற்றுக்கிழமைப் பதில் தவறாது. உன் பேரில் இல்லை. என் கையால், என் பேரில்.

இங்கேயே இருக்கிற உன் அண்ணன்,
தானியேல்