வயிரவனுக்கு ஒரு தலையில்லாத கிடார்

9 மார்ச் 1973, வெள்ளி

ஜும்ஆ முடிந்து கடையைத் திறந்தேன். இரண்டு ரேடியோ ரிப்பேர், ஒரு மைக்செட் புக்கிங். சாயங்காலம் வயிரவன் வந்தான், தன் பழைய கிடாரோடு.

ஜனவரியில் எங்கள் கச்சேரி வேன் கவிழ்ந்ததில் அவனுக்கு இடது தோள் உடைந்தது. கட்டுப் பிரித்து ஒரு வாரம் ஆகிறது. கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. விரல்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் வாரை மாட்டி நின்றதும் கிடாரின் தலைப்பக்கம் தரையைப் பார்த்துத் தாழ்கிறது. அதை இடது கைதான் தாங்க வேண்டும். நான்கு நிமிடம் வாசித்தான், முகம் வெளுத்துவிட்டது.

"விரலு போகுது மாமா. தாங்கத்தான் முடியலை. நாச்சியப்பண்ணன் ஆடி முடியிற வரைக்கும் பாக்குறேன், அப்புறம் வேற ஆளப் போட்ருவேன்னுட்டாக. ஏதாச்சும் செஞ்சு குடுங்க."

சரி என்றேன். மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

10 மார்ச்

மாடு வரவில்லை.

குறுக்கே மாடு வந்தது, பிரேக் போட்டேன், வண்டி கவிழ்ந்தது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். போலீஸிடம், கச்சேரிக் குழு நடத்தும் நாச்சியப்பனிடம், ஆஸ்பத்திரியில் வயிரவன் கட்டிலில் உட்கார்ந்து அவனிடமே. திருக்கோஷ்டியூர் தாண்டி, பொழுது விடியும் நேரம். பின்னால் எல்லோரும் தூங்கிக்கொண்டு வந்தார்கள். ஓட்டிய நானும் தூங்கிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. என் மனைவி ஷரபுன்னிசாவிடம்கூடச் சொல்லவில்லை.

17 மார்ச்

அவன் கிடாரை வார் மாட்டும் இடத்தில் கயிறு கட்டி, கடை உத்தரத்தில் தொங்கவிட்டேன். தலை சாய்ந்தது. வால்பக்கம் ஒரு பழைய டிரான்ஸ்ஃபார்மரைக் கட்டிய பிறகுதான் மட்டமாக நின்றது. ஆனால் அந்தக் கனத்தை எந்தத் தோள் சுமக்கும்?

மத்தியானம் சோற்றில் கை வைத்தபோது தோன்றியது. கம்பியை முறுக்கும் ஆறு கீயும் அந்தக் கோடியில்தானே தொங்குகின்றன? அவற்றை இங்கே வால்பக்கம் கொண்டுவந்துவிட்டால் தலை எதற்கு? சுருதி சேர்க்கக் கையைத் தூக்கவும் வேண்டாம்.

சோறு ஆறிவிட்டது. ஷரபுன்னிசா திட்டினாள்.

25 மார்ச்

கதவு வேலை செய்யும் பெத்தனைப் பிடித்தேன். பலா மரம், உள்ளே கூடாகக் குடைய வேண்டும், கனம் குறையும். அட்டையில் வெட்டிய வடிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தலை எங்குட்டுண்ணே?"

"தலை கெடையாது."

"முண்டமாவா?" என்றார். சிரிக்கவில்லை.

வயிரவனைப் பாயில் உட்காரவைத்து அளவெடுத்தோம். கை எதுவரை வலியில்லாமல் போகிறது என்று ஒரு ரீப்பர் கட்டையில் கோடு போட்டேன். கோட்டைத் தாண்டிப் போகப் பார்த்து, பல்லைக் கடித்தான். "போதும்டா" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

29 ஏப்ரல்

தலை இல்லாத கோடியில் கம்பிகளை எதில் நிறுத்துவது? ஒரு வாரமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் மின்சார வயரை இணைக்கும் பித்தளைக் கனெக்டரே போதும் என்று கண்டேன். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு துளை, இறுக்க ஒரு திருகு. வால்பக்கத்துக்கு மாண்டலின் கீ. கம்பியின் அதிர்வை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்ப, மெல்லிய செம்புக் கம்பியைக் காந்தத்தில் சுற்றிச் சுற்றிக் கண் எரிகிறது.

10 ஜூன்

முடிந்தது. பாயில் உட்கார்ந்து மடியில் வைத்தான், குழந்தை மாதிரி உட்கார்ந்துகொண்டது. நானும் பெத்தனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

பிறகு வாரை மாட்டி எழுந்து நின்றான். கிடார் வாரோடு புரண்டு சரிந்தது. பிடிக்கப் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டான்.

மூன்று மாதம்! மேடையில் நின்றுகொண்டுதான் வாசிப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். மைக் வைக்கிற எனக்குத் தெரியாதா? சம்மணம் போட்டு உட்காரவைத்து அளவெடுத்திருக்கிறேன். "வாத்தியம்னா உக்காந்துதானேண்ணே வாசிப்பாக" என்கிறார் பெத்தன். அவரைச் சொல்லி என்ன. ஒனக்கு அறிவு எங்கடா போச்சு மீரான்? இன்னும் எத்தன தடவடா அந்தத் தோளை ஒடைப்ப?

11 ஜூன்

கடை திறக்கவில்லை.

15 ஜூலை

மேல்பக்கத்தில் ஒரு கொம்பு போல நீட்டி, வாரை அதன் நுனியில் மாட்டினோம். விலாவில் படுகிற இடத்தைப் பெத்தன் உள்வாங்கிச் செதுக்கினார். இந்த முறை நிற்கவைத்துத்தான் அளவு.

வயிரவன் மாட்டினான். இடது கையை மெல்ல விட்டான். கிடார் அசையவில்லை. முக்கால் மணி நேரம் வாசித்தான். கூடாக இருப்பதால் ஒலி கனிவாக இருக்கிறது. ஆம்ப்ளிஃபயருக்குக் கிட்டே போனால் மட்டும் ஊளையிடுகிறது. முடித்ததும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதான்.

அவன் பெண்டாட்டி சோணையம்மாள் பணியாரம் கொண்டுவந்தாள். "அன்னைக்கு நீங்க பிரேக்கப் புடிக்கலைன்னா இவுக உசுரே இருந்திருக்காதுண்ணே. தெனம் சொல்லுவாக" என்றாள்.

கையிலெடுத்த பணியாரத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

19 ஆகஸ்ட்

நாச்சியப்பன் வந்தார். ஆவணியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணக் கச்சேரி. வயிரவன் வாசிப்பில் அவருக்குக் குறையில்லை. ஆனால் அந்த வீட்டு ஆச்சி காதுக்கு எப்படியோ விஷயம் போய்விட்டது. தலையில்லாததைக் கல்யாண வீட்டு வாசல்படி ஏற்றக்கூடாது என்றுவிட்டாராம்.

"நெட்டியில ஒரு தலை செஞ்சு ஒட்டிருங்க பாய். கனமே இருக்காது. பாக்குறவுகளுக்குத்தானே?"

நெட்டித் தக்கை பூவைவிட லேசு. தோளுக்கு ஒன்றும் ஆகாது. சரி என்றேன்.

21 ஆகஸ்ட்

தலை செய்து கறுப்புச் சாயம் பூசினேன். ஆறு பொய்க் கீகூட வைத்தேன். அசலாகவே இருக்கிறது. நாலடி தள்ளி வைத்துப் பார்த்தேன், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

இதில் எனக்கு எவ்வளவு கைத்திறன்!

22 ஆகஸ்ட்

அதை ஒட்டப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தேன். வயிரவன் ஸ்டூலில் உட்கார்ந்து, கல்யாணத்துக்கு என்னென்ன வாசிக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நெட்டியைக் கீழே வைத்தேன்.

"மாப்ளே, அன்னைக்கு மாடு வரலை. நான் தூங்கிட்டேன்."

பசை அடிப்பிடித்து நாறியது.

"தூக்கம் எல்லாருக்குந்தான் வரும்" என்றான் கடைசியில். "என் கட்டில்ல உக்காந்து மாடுன்னு சொன்னீகளே மாமா. ஏழு மாசமா ஊரெல்லாம் ஒங்க பிரேக்கப் பத்திப் பேசிக்கிட்டுத் திரிஞ்சேனே."

எழுந்து போய்விட்டான். கிடார் இங்கேயே இருக்கிறது.

2 செப்டம்பர்

கல்யாணக் கச்சேரியில் மதுரைக்காரன் ஒருவன் வாசித்தானாம்.

9 செப்டம்பர்

ஷரபுன்னிசாவிடம் சொன்னேன். போலீஸ் ஸ்டேஷனிலும் போய்ச் சொன்னேன். ஏட்டு என்னை ஏற இறங்கப் பார்த்து, எழுதி வாங்கிக்கொண்டு, கூப்பிட்டால் வரவேண்டும் என்றார்.

20 செப்டம்பர்

சோணையம்மாள் வந்து கிடாரைக் கேட்டாள். வேட்டியில் சுற்றிக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. நெட்டித் தலையைக் காட்டி, "அது வேணாமாம்" என்றாள்.

30 செப்டம்பர்

நாச்சியப்பன் சொல்லி அனுப்பியிருக்கிறார். புதன்கிழமை காளையார்கோவிலில் நவராத்திரிக் கச்சேரி, மைக்செட் நான்தான் வைக்க வேண்டும். வயிரவன்தான் அப்படிக் கேட்டானாம். வேனை மட்டும் டிரைவர் இராமு ஓட்டட்டும் என்றானாம்.

3 அக்டோபர்

சாயங்காலம் நாலரை மணிக்குப் புறப்பட்டோம். வயிரவன் முன்சீட்டில் இராமுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். வழி நெடுக, வாய் மூடாமல் இராமுவிடம் பேசிக்கொண்டே வந்தான். மழை, விலைவாசி, இராமுவின் மச்சினன் கல்யாணம் என்று என்னென்னவோ. நான் பின்னால் மைக்செட் பெட்டிகளோடு இருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

நடுவில் டயர் பஞ்சராகி முக்கால் மணி நேரம் போனது. மறுபடி ஏறி ஓடும்போது வெயில் முழுதும் இறங்கியிருந்தது. ரமலான் நோன்பு திறக்க வண்டியை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

வயிரவன் பேச்சை நிறுத்தினான். வெளியே குனிந்து வானத்தைப் பார்த்தான்.

"இராமு, ஓரமா நிப்பாட்டு" என்றான். "மாமா நோன்பு தொறக்கணும்."